துணைக்கு ஒருத்தி

ஏப்ரல் 10, புதன்

பரீட்சை முடிந்து இரண்டு நாள் ஆகிறது. சயின்ஸ் ரெக்கார்டு நோட்டில் எழுதாத பக்கம் நாற்பதுக்கு மேல் மிச்சம். பழைய பேப்பர்காரனிடம் போடச் சொன்னாள் அம்மா. போடவில்லை. இனிமேல் இதில் தேதி போட்டு எழுதப்போகிறேன்.

முதலில் எழுத வேண்டியது: எனக்கு என் தங்கை ஓவியாவைப் பிடிக்காது.

தங்கைதான், ஆனால் எங்களோடு ராணிப்பேட்டையில் இல்லை. ஏழு வருடம் முன்பு சோளிங்கரிலிருந்து அப்பாவின் அக்கா தெய்வானை அத்தை வந்து அவளைத் தூக்கிக்கொண்டு போனார். அத்தைக்கும் மாமாவுக்கும் பிள்ளை இல்லை. அப்போது எனக்கு எட்டு வயது, அவளுக்கு ஐந்து. இரண்டு பேர் நின்றோம், ஒருத்தியை எடுத்தார்கள். முருங்கைக்காய் பொறுக்குவதுபோல அத்தை எங்களை மாற்றி மாற்றிப் பார்த்தது நினைவிருக்கிறது. முற்றியது வேண்டாம் என்று நினைத்திருப்பார்.

அப்பா ஆட்டோ ஓட்டுகிறார். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறாள், வாரத்தில் நாலு நாள், சில வாரம் இரண்டு நாள். இரண்டு பேரும் குடிப்பார்கள். இதை எழுதும்போது கை நடுங்கும் என்று நினைத்தேன். ஒன்றும் ஆகவில்லை.

ஏப்ரல் 12, வெள்ளி

வயிற்றுவலி. தெருமுனைக் கடைக்குப் போகாமல் பஸ் ஸ்டாண்ட் வரை நடந்துபோய் மருந்துக் கடையில் வாங்கி வந்தேன். பேப்பரில் சுற்றிக் கொடுத்தார்கள். அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அந்தப் பக்கம் என்னைத் தவிர யாரும் போவதில்லை.

ஏப்ரல் 14, ஞாயிறு

வருடப்பிறப்பு. அத்தை ஓவியாவோடு வந்தார். தூக்குவாளியில் பாயசம், டிபன் பாக்ஸில் வடை. இங்கே வந்தால் ஒன்றும் இருக்காது என்று தெரிந்தே கொண்டுவருகிறார்.

ஓவியாவுக்குப் புது கவுன், காதில் புதுத் தோடு. அதெல்லாம் கூடப் பரவாயில்லை. வடை வேண்டாம் என்று ஒதுக்கினாள். அத்தை அவளைத் திட்டினார். "காலைலயும் அர தோசதான் துன்ன. ஒடம்புல இன்னாத்த வச்சிக்கினு ஓடுவ? இத துன்னாதான் எழுந்திருக்கலாம்" என்று. அவள் உதட்டைப் பிதுக்கிக்கொண்டு தின்றாள். எனக்கு அந்த நிமிடம் அவளை அறையலாம் போலிருந்தது. சாப்பிடாததற்கு என்னை யாரும் திட்டியதில்லை. நான் சாப்பிட்டேனா என்பது எனக்கு மட்டுமே தெரிந்த ரகசியம்.

அத்தையை அவள் 'அம்மா' என்கிறாள். அம்மாவை 'ராணிப்பேட்டை அம்மா' என்கிறாள். ராணிப்பேட்டை அம்மா உள்ளே சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். காய்ச்சல் என்று சொன்னேன். அத்தை நம்பியதுபோல இருந்தார். நல்ல மனுஷி.

கிளம்பும்போது என்னை வாசலில் நிறுத்தித் தாழ்ந்த குரலில் கேட்டார்.

"இன்னும் ஒண்ணும் ஆவலயா ஜீவி?"

"இல்ல அத்த."

"பதினஞ்சு ஆயிடுச்சேடி. டாக்டர் கிட்ட காட்டணும். நீ மட்டும் பெரியவளாவு, அன்னைக்கே வந்து இட்டுக்கினு போயிடுவேன். வயசுக்கு வந்த பொண்ண இந்த வூட்ல வுட்டுட்டு எனக்குத் தூக்கம் வராது. ஒங்கப்பன் குறுக்க நின்னாலும் வுட மாட்டேன்."

இதை மூன்று வருடமாகச் சொல்கிறார். சும்மா சொல்கிறவர் இல்லை, செய்வார். நான் தலையாட்டினேன்.

ஏப்ரல் 19, வெள்ளி

அம்மா பால் வைத்துவிட்டுத் தூங்கிவிட்டாள். நான் குழாயடியிலிருந்து வரும்போது வீடெல்லாம் புகை. பாத்திரம் போய்விட்டது. சாம்பலும் தேங்காய் நாரும் போட்டுத் தேய்த்தேன், போகவில்லை. இனிமேல் வெளியே போனால் சிலிண்டரை மூடி, லைட்டரையும் என்னோடு எடுத்துப் போக வேண்டும். பள்ளிக்கூட நாட்களில் அப்படித்தான் செய்வேன். லீவில் அசந்துவிட்டேன்.

ஏப்ரல் 27, சனி

அப்பா ஆட்டோவிலேயே தூங்கினார். போர்வை கொண்டுபோய்ப் போட்டேன். "யாரும்மா நீ?" என்று கேட்டார்.

மே 4, சனி

பக்கத்து வீட்டு மும்தாஜ் அக்காவின் போனில் அத்தை கூப்பிட்டார். பேச முடியாமல் அழுதார். யாரோ செத்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"நம்ம ஓவி பெரியவளாயிட்டாடி ஜீவி!"

சந்தோஷத்தில் அழுகிறாராம். ஒரு பெண் வயதுக்கு வந்ததற்கு ஒருவர் இப்படி அழுவார் என்று எனக்குத் தெரியாது.

எங்கள் குடும்பத்தில் ஒரு வழக்கம் உண்டு. பெரியவளான பெண்ணை ஓலைக் குடிசையில் தனியாக உட்கார வைக்கும்போது, துணைக்கு இன்னொரு பெண் ஒன்பது நாளும் கூடவே இருக்க வேண்டும். அவள் இன்னும் வயதுக்கு வராதவளாக இருக்க வேண்டும். ஆறு, ஏழு வயதுக் குழந்தைகளைத்தான் வைப்பார்கள். ஒன்பதாம் நாள் தண்ணீர் ஊற்றும்போது துணைப்பெண்ணும் பக்கத்து மணையில் உட்காருவாள். அப்படி உட்கார்ந்தால் அவளுக்கும் சீக்கிரம் ஆகும் என்பார்கள்.

அத்தைக்கு என் ஞாபகம் வந்திருக்கிறது. "நீயே வந்து துணைக்கு இரு கண்ணு. அந்த ராசி ஒனக்கும் ஒட்டிக்கும்" என்றார். தங்கைக்கு அக்கா துணைப்பெண்! ஊர் சிரிக்கும். நான் சரி என்றேன்.

இனி இதை எழுதிவிடுகிறேன், இந்த நோட்டுக்கு மட்டும்தானே. எனக்கு ஆகிப் பதினைந்து மாதம் ஆகிறது.

போன வருடம் பிப்ரவரியில், சனிக்கிழமை மத்தியானம். அம்மாவை எழுப்பினேன். மூன்று தடவை எழுப்பினேன். "தூங்க வுடுடி" என்றாள். பிறகு நானே போய் மும்தாஜ் அக்கா கொடியிலிருந்து விழுந்திருந்த பழைய துணி ஒன்றைத் திருடி வந்தேன். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் டீச்சரிடம் கேட்டு நாப்கின் வாங்கிக்கொண்டேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை. சடங்கு என்று நாலு பேரைக் கூப்பிட்டால் அப்பா நடுக்கூடத்தில் லுங்கி அவிழ ஆடுவார், அம்மா வாந்தி எடுப்பாள். அதனால்தான் சொல்லவில்லை. வேறு காரணம் கிடையாது.

மே 5, ஞாயிறு

கிளம்புமுன் மும்தாஜ் அக்காவிடம் லைட்டரைக் கொடுத்துவிட்டு வந்தேன். காலையும் சாயந்திரமும் அவர்களே வந்து பற்றவைத்து, சமையல் முடிந்ததும் சிலிண்டரை மூடிவிட வேண்டும். அம்மா கேட்டால் லைட்டர் ரிப்பேர் என்று சொல்ல வேண்டும். "ஒம்போது நாள்தானே, நீ போய்ட்டு வாம்மா" என்றார்கள். அரிசி எந்த டப்பா, உப்பு எந்த டப்பா என்று அம்மாவுக்குக் காட்டினேன். அவள் டப்பாக்களைப் பார்க்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். "ஒம்போது நாளா?" என்றாள்.

சோளிங்கரில் குடிசை கட்டியாகிவிட்டது. தாய்மாமன்தான் கட்ட வேண்டும். அம்மாவின் அண்ணன் எங்களோடு பேசி ஆறு வருடம் ஆகிறது, அதனால் அத்தை வீட்டு மாமாவே தென்னை ஓலை வெட்டி வந்து முன்கூடத்தின் மூலையில் கட்டியிருக்கிறார். உள்ளே பாய், தனித்தட்டு, தனிச் சொம்பு. ஓவியா மகாராணிபோல உட்கார்ந்திருக்கிறாள். எனக்கும் ஒரு தனித்தட்டு. பச்சை முட்டை, நல்லெண்ணெய், உளுத்தங்களி என்று அவளுக்கு வருகிறது. துணைப்பெண்ணுக்கும் களி உண்டு.

மே 6, திங்கள்

உளுத்தங்களியைப் பார்த்தாலே ஓவியா முகத்தைச் சுளிக்கிறாள். அவள் பங்கையும் நானே தின்றேன். பதினைந்து மாதம் தாமதமாக என் களியை நான் தின்கிறேன் என்று நினைத்துக்கொண்டேன். சிரிப்பு வந்தது. "இன்னாக்கா சிரிக்கிற?" என்றாள். ஒன்றுமில்லை என்றேன்.

அத்தை இரண்டு பேருக்கும் தலை வாரினார். அவளுக்கு முதலில், எனக்கு அப்புறம். என் தலையில் சிக்கு எடுக்க அரைமணி ஆயிற்று. ஒரு தடவைகூட வலிக்கவில்லை. இந்தக் கை ஏழு வருடமாகத் தினமும் அவள் தலையில் இருந்திருக்கிறது.

மே 8, புதன்

மும்தாஜ் அக்கா போனிலிருந்து அம்மா பேசினாள். நான் எப்படி இருக்கிறேன் என்று கேட்கவில்லை. "என் நீலப் பொடவ எங்க வச்சிக்கிற?" என்றாள். சொன்னேன். "மொளகாத்தூளு?" சொன்னேன். போனை வைக்காமல் மூச்சு விட்டுக்கொண்டே இருந்தாள். பிறகு, "எப்ப வருவ?" என்றாள். குரல் தெளிவாகத்தான் இருந்தது. அதனாலேயே எனக்கு ராத்திரிச் சோறு இறங்கவில்லை.

மே 9, வியாழன்

நான் கணக்குப் போட்டபடி பன்னிரண்டாம் தேதிக்கு மேல்தான் வர வேண்டும். இன்றைக்கே வந்துவிட்டது. கையில் ஒன்றும் கொண்டுவரவில்லை. ஓவியாவின் நாப்கின் பாக்கெட்டிலிருந்து இரண்டு எடுத்துக்கொண்டேன்.

மே 10, வெள்ளி

ரிசல்ட். ஐந்நூறுக்கு நானூற்று முப்பத்தொன்று. அத்தை சர்க்கரை எடுத்து வாயில் போட்டார், மாமா தெருவெல்லாம் சொல்லிவிட்டு வந்தார். அப்பாவுக்குப் போன் போட்டு மார்க் சொன்னேன். "எதுக்கு?" என்றார். பத்தாவது என்றேன். "ஓ, பத்தாவதா?" என்றார்.

மத்தியானம் அத்தை சமையலில் இருந்தார். குடிசைக்குள் ஓவியா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"அக்கா, என் பாக்கெட்ல நாலு கொறையுது."

நேற்று இரண்டு, இன்று இரண்டு. எண்ணி வைத்திருக்கிறாள், பிசாசு. நான் பாயின் ஓரத்தைச் சரிசெய்தேன். அவளே கண்டுபிடித்துக்கொண்டாள். கண் பெரிதாயிற்று.

"எப்ப ஆச்சு?"

"போன வருஷம்."

"அப்ப ஏன் சொல்லல? சொல்லியிருந்தா அம்மா ஒன்னையும் இங்க இட்டுக்கினு வந்திருக்குமே!"

"ஒன் வேலையப் பாரு."

அவள் விடவில்லை. ராணிப்பேட்டை அம்மாவை விட்டு வர எனக்கு மனசில்லை, அதுதான் காரணம் என்றாள். இல்லை என்றேன். ஆமாம் என்றாள். திடீரென்று அழத் தொடங்கினாள். அழுதுகொண்டே சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"ஒனக்கு இன்னா! ஒன்னத்தான வச்சிக்கிச்சு. அம்மாவும் அப்பாவும் மொதல்ல ஒன்னத்தான் கேட்டாங்களாம். பெரியவளக் குடு, படிக்க வைக்கறோம்னாங்களாம். ராணிப்பேட்ட அம்மா பெரியவள வுடவே மாட்டேன்னு கதவப் புடிச்சிக்கினு நின்னுச்சாம். சின்னவள வேணா தூக்கிக்கினு போங்கன்னுச்சாம். அப்பா யார்கிட்டயோ சொல்லும்போது நான் கேட்டேன். என்னத் தூக்கிக் குடுத்துட்டு ஒன்ன வச்சிக்கிச்சு. ஒன்னப் பார்த்தாலே எனக்கு எரியும், தெரியுமா? அங்க வந்தா நீ அந்த வூட்ல எல்லாம் எடுக்கற, வைக்கற. எனக்கு டம்ளர் எங்க இருக்குன்னுகூடத் தெரியாது."

'அம்மாவும் அப்பாவும்' என்று அவள் சொல்வது அத்தையையும் மாமாவையும்.

எட்டு வயதில் எனக்குச் சோறு வடிக்கத் தெரியும். அப்பா சட்டையில் இருக்கும் வாந்தியை எப்படி ஊறவைப்பது என்று தெரியும். ஐந்து வயதுக்காரிக்கு என்ன தெரியும்? அதனால்தான் என்னை வைத்துக்கொண்டாள். இதை ஓவியாவிடம் நான் சொல்லியிருக்கலாம். அழுகை நின்றிருக்கும். சொல்லவில்லை. ஒருத்திக்கு என்மேல் பொறாமை என்பது எனக்கு இதுவரை நடந்ததே இல்லை. கொஞ்ச நேரம் அதை அனுபவித்தேன்.

மே 11, சனி

தூங்கவில்லை. ஏழு வருடம் நான் எடுக்கப்படாத காய் என்று நினைத்திருந்தேன். முதலில் எடுத்தது என்னைத்தான். அந்தத் தலைவாரல் எனக்கு வர வேண்டியது. அந்தத் திட்டும் எனக்கு வர வேண்டியது. கதவைப் பிடித்துக்கொண்டு நின்று அதையெல்லாம் தடுத்தது அம்மா. பாசம் என்று ஓவியா நினைக்கிறாள். வேலைக்காரியை யார் விடுவார்கள்?

பதினைந்து மாதம் நான் எதற்காக வாயை மூடிக்கொண்டிருந்தேன்? போனால் அவள் அடுப்பில் விழுந்து சாவாள் என்றுதான். ஆமாம், அதுதான் காரணம். லுங்கி அவிழ்வதெல்லாம் இல்லை.

நாளைக்கு மணையில் உட்காருமுன் சொல்லிவிடப் போகிறேன். அப்புறம் நான் இங்கேதான். பதினொன்றாம் வகுப்பு சோளிங்கரில். எனக்குத் தலைவார ஆள் உண்டு.

மே 13, திங்கள்

நேற்று நடந்ததை வரிசையாக எழுத வேண்டும்.

ஒன்பது மணிக்கு அம்மாவும் அப்பாவும் வந்தார்கள். அப்பா தெருமுனையிலேயே பந்தல்காரனோடு சண்டை. மாமா அவரைத் தாங்கிக்கொண்டுபோய்ப் பின்கட்டில் படுக்க வைத்தார். அம்மா நீலப் புடவையில் வந்திருந்தாள். குடிக்கவில்லை. குடிக்காத நாளில் அவளுக்குக் கை ஆடும். ஆரத்தித் தட்டை யாரோ நீட்டினார்கள், வேண்டாம் என்று கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள்.

இரண்டு மணை போட்டார்கள். ஓவியா உட்கார்ந்தாள். அத்தை என் தோளைத் தொட்டு, "உக்காரு கண்ணு" என்றார்.

"நான் உக்காரக் கூடாது அத்த."

"ஏன்டி?"

"எனக்கு ஆயிப் பதினஞ்சு மாசம் ஆச்சு."

மஞ்சள் தண்ணீர்ச் சொம்பு அத்தையின் கையில் அப்படியே நின்றது. சுற்றி நின்ற பெண்கள் ஒரே நேரத்தில் பேசினார்கள். வயதுக்கு வந்தவளே துணைக்கு இருந்துவிட்டாளே, பரிகாரம் செய்ய வேண்டுமே என்று ஒரு கிழவி சத்தம் போட்டாள். அத்தை அவளைப் பார்க்கவில்லை. அம்மாவைத்தான் பார்த்தார்.

"கஸ்தூரி, பெத்தவ நீ. ஒனக்குக்கூடவா தெரியாது?"

"தெரியும்."

நான் திரும்பிப் பார்த்தேன். அம்மா தரையைப் பார்த்துச் சொன்னாள்.

"அரிசி டப்பாக்குப் பின்னால வைக்கறா. மொத மாசமே பார்த்துட்டேன். சொன்னா நீங்க இட்டுக்கினு போயிடுவீங்களே அண்ணி."

அத்தை அவளை அடித்துவிடுவார் என்று நினைத்தேன். அடிக்கவில்லை. சொம்பைச் சாய்த்து முதல் தண்ணீரை என் தலையில் ஊற்றினார். இரண்டாவது ஓவியாவின் தலையில். பரிகாரக் கிழவியைப் பார்த்து, "ரெண்டும் எங்க வூட்டுப் பொண்ணுங்கதான்" என்றார். ஓவியாவுக்கு எடுத்த இரண்டு பட்டுப்பாவாடையில் ஒன்றை எனக்குக் கட்டிவிட்டார். குட்டைதான், கணுக்கால் தெரிந்தது. நலங்கு வைத்தார்கள். என்னை நாற்காலியில் உட்கார வைத்துப் போட்டோ எடுத்தார்கள். நேற்று நான் சந்தோஷமாக இருந்தேனா என்று கேட்டால், ஆமாம், மூன்று மணி நேரம்.

சாப்பாடு முடிந்து சாயந்திரம் அப்பாவை எழுப்பினார்கள். அத்தை எல்லோர் முன்னாலும் சொன்னார், ஜீவி இனி இங்கேதான் என்று. அப்பா சரி என்றார். எதற்குச் சரி என்று அவருக்குத் தெரிந்திருக்காது. அம்மா என்னிடம் வரக்கூட இல்லை. செருப்பை மாட்டினாள், கழற்றினாள். பிறகு ஓவியாவின் பக்கம் திரும்பினாள்.

"நீ வர்றியா கண்ணு, என்னோட?"

ஓவியாவின் முகத்தை நான் எப்படி எழுதுவது? அவளுக்கு மறுபடி ஐந்து வயதாகிவிட்டது. அவ்வளவுதான் சொல்ல முடியும். பட்டுப்பாவாடையோடு உள்ளே ஓடினாள். அத்தை கூப்பிட்டார், அவள் நிற்கவில்லை. அத்தை அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். எழுதி வாங்கிய பிள்ளை இல்லையே, பெற்றவள் கேட்டால் என்ன சொல்ல முடியும்?

ஓவியா பையோடு வந்தாள். நான் வாசலை மறித்துக்கொண்டு நின்றேன். அம்மாவின் கை முந்தானைக்கு வெளியே வந்திருந்தது, இன்னும் ஆடிக்கொண்டிருந்தது. வீட்டுக்குப் போகிற வழியில் ஒரு பிராந்திக் கடை இருக்கிறது. அது திறந்திருக்கும் நேரம்.

"குடு பைய" என்றேன்.

"மாட்டேன்! என்னத்தான் கூப்ட்டுச்சு!"

"ஒன்ன ஒண்ணும் கூப்டல. நான் வரலன்னுதான் கூப்ட்டுச்சு. ஒனக்குச் சோறு வடிக்கத் தெரியுமாடி? போ உள்ள."

பையைப் பிடுங்கி உள்ளே எறிந்தேன். என் கையைக் கடித்தாள். பல் பதிந்திருக்கிறது. மாமா அவளைப் பின்னாலிருந்து பிடித்துக்கொண்டார். நான் பாவாடையைக்கூட மாற்றாமல் அம்மாவுக்கு முன்னால் பஸ் ஸ்டாண்டுக்கு நடந்தேன். அத்தை பின்னாலேயே ஓடி வந்தார்.

"ஜூன் மாசம் ஸ்கூல் தொறக்கும்போது நானே வருவேன், போலீஸோட வருவேன், பாரு!"

"வாங்க அத்த" என்றேன்.

பஸ்ஸில் அப்பா முன் சீட்டில் குறட்டை விட்டார், அம்மா என் தோளில் சாய்ந்து தூங்கினாள். வீட்டுக்கு வந்ததும் மும்தாஜ் அக்காவிடம் லைட்டரைத் திரும்ப வாங்கினேன்.

ஓவியா என்னை மன்னிக்க மாட்டாள். இரண்டாவது தடவையும் அவள் அம்மாவை நான் பிடுங்கிக்கொண்டேன் என்று ஆயுசுக்கும் சொல்லுவாள். சொல்லட்டும். அம்மா அவளைக் 'கண்ணு' என்று கூப்பிட்டாள். என்னை ஒருநாளும் அப்படிக் கூப்பிட்டதில்லை. எனக்குப் பொறுக்கவில்லை. அதனால்தான் வந்தேன், வேறு காரணம் கிடையாது.